கீழ வயலுக்கு எழுதின பேரு

நாம எல்லாம் சொத்துக்காரங்க வீட்டுப் பிள்ளைங்கன்னு யாராவது சொன்னா இன்னைக்கு நீங்க சிரிப்பீங்க. நானும் சிரிப்பேன். ரங்கூன் தின்கன்ஜூன்ல மூணாவது மாடி, துணி காயப்போட ஒரு கம்பி, கறிவேப்பிலை வச்ச ரெண்டு டப்பா. இதுக்கு மேல என் பேர்ல ஒண்ணும் கிடையாது. ஆனா போன வாரம் பபேடான் கோயில் வாசல்ல உக்காந்து பேசிக்கிட்டிருந்தப்ப உங்கள்ல ஒருத்தி கேட்டா: "உங்க அப்பாவுக்கு மாவ்பிப் பக்கம் வயல் இருந்துச்சே, அது ஒரு தடவை கை விட்டுப் போகப் பாத்துச்சாமே, என்னடி கதை?" அதுக்குள்ள என் பஸ் வந்துருச்சு. ஓடிப்போய் ஏறிட்டேன். ஏறினதுல இருந்து மனசு பூரா அதேதான். அதான் இப்ப எழுதுறேன். பொறுமையாப் படிங்க. நான் நேரா விஷயத்துக்கு வர்ற ஆளு இல்லைன்னு உங்களுக்கே தெரியும்.

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். கிராமம்னா உடனே மூக்கைச் சிந்துற ஆளு நான் இல்லை. மழைக்காலத்துல நான் காய்ஞ்ச பாவாடை கட்டினதா ஞாபகமே இல்லை. வயல்ல இறங்கினா அட்டை ஏறும். அதைப் புடுங்க உப்பைத் தடவணும், உப்பைத் தடவினா காயம் எரியும். வெறகு நனைஞ்சு கிடக்கும், அடுப்பு ஊதி ஊதி அம்மா கண்ணு ரெண்டும் மொளகாப்பழம் மாதிரி செவந்திருக்கும். இந்த அழகுல அங்க திரும்பிப் போகணும்னு எனக்கு ஒரு நாளும் தோணினதில்லை.

ஆனா சொத்து இருந்துச்சு. மாவ்பியில தார் ரோட்டை விட்டு இறங்கினா மாட்டு வண்டியில ஒரு மணி நேரம். இருபது வீடு இருக்கும், அத்தனையும் நம்மாளுங்க, தமிழ்க்காரங்க. எங்க வீடு கால் நட்டு உசத்திக் கட்டின மூங்கில் வீடு, ஓலைக் கூரை. வீட்டுக்குக் கீழ ரெண்டு காளை, ஒரு வண்டி, மூணு வாத்து. வாசப்படிக்குப் பக்கத்துல கறுப்பு மெருகு போட்ட ஒரு தண்ணி ஜாடி. நான் உள்ள இறங்கி நின்னா தலை மட்டும்தான் தெரியும். அந்த ஜாடித் தண்ணியோட வாசனை, மண்ணும் பாசியுமா ஒரு குளுமை, அது மட்டும் இந்த மூணாவது மாடிக் குழாய்ல வரவே மாட்டேங்குது.

அதெல்லாம் விடுங்க. உண்மையான சொத்து கீழ வயல்தான். ஓடைப் பக்கத்துல நாலு ஏக்கர் நெல்லு. மேட்டுல ஒரு துண்டு இருந்துச்சு, அதுல கடலையும் கத்திரியும் போடுவோம், அது கைச்செலவுக்கு. சோறு போட்டது கீழ வயல். சொத்துன்னு நாங்க சொல்லிக்கிட்டாலும் மண்ணு அரசாங்கத்தோடது, உழுதுக்கிற உரிமை மட்டும்தான் நம்மளோடது. ஆபீஸ் நோட்டுல யார் பேரு இருக்கோ அவங்க உழலாம். உழுறவங்க அறுத்ததுல ஒரு பங்கை அரசாங்கத்துக்கு அளக்கணும், அளக்காதவங்க நிலம் போயிடும். நாட்டுல எல்லாருக்கும் அதான் சட்டம் அப்ப. பத்திரம் கித்திரம் ஒண்ணும் கிடையாது. நோட்டுல இருக்கிற அந்த ஒரு பேருதான் எங்க வீட்டு ஆணிவேரு.

எனக்கு ஒன்பது வயசு. மழை தொடங்கி நாத்து விட்டிருந்த நேரம். அப்பா வண்டியைக் கட்டிக்கிட்டு மாவ்பிச் சந்தைக்குப் போயிருந்தாரு. அப்பப் பார்த்து ஆபீஸ்ல இருந்து ஒரு கிளார்க்கு வந்தாரு. பர்மாக்காரரு, முட்டி வரைக்கும் சேறு, கக்கத்துல பிளாஸ்டிக் பையில சுத்தின பெரிய நோட்டு. பழைய நோட்டு கரையான் அரிச்சுப் போச்சாம், புதுசா எழுத வீடு வீடா வர்றாரு. வாசப்படியில நின்னு அம்மாவைப் பார்த்து, "அமா"ன்னு மரியாதையாக் கூப்பிட்டு, அதான் அக்கான்னு, கேட்டாரு. கீழ வயலைக் கையால காட்டி, "பைன்ஷின் பெதூலே?" சொந்தக்காரர் யாரு?

அம்மாவுக்கு பர்மா பாஷை சந்தையில மீன் வாங்குற அளவுக்குத்தான் வரும். ஆனா இந்தக் கேள்வி புரிஞ்சுச்சு. புரிஞ்சதுதான் வினையாப் போச்சு.

உங்க அம்மாமாரும் அப்படித்தான் இருந்திருப்பாங்க, சொல்லணுமா என்ன. புருசன் பேரை வாயால சொல்லக் கூடாது. எங்க அம்மா அதுல ஒரு படி மேல. அப்பாவுக்குச் சாமி பேரு. அதனால அம்மா அந்தச் சாமி பேரையும் சொல்ல மாட்டாங்க. ஊர்க் கோயில்ல எல்லாரும் பேரு சொல்லிக் கூவுறப்ப இவங்க மட்டும் "சாமி, சாமி"ன்னு கன்னத்துல போட்டுக்குவாங்க. நான் சின்னப்பிள்ளையில அதைக் கேலி பண்ணியிருக்கேன். அம்மாவுக்கு அது கேலி இல்லை. அவங்க கூடப்பிறந்த அக்கா ஒரு தடவை விளையாட்டுக்குப் புருசன் பேரைச் சொல்லிட்டாங்களாம். அந்த மழையிலயே பெரியப்பா பாம்பு கடிச்சுச் செத்துப் போயிட்டாரு. பேருக்கும் பாம்புக்கும் என்ன சம்பந்தம்னு நீங்க கேக்கலாம். அம்மா கேக்கலை, நம்பினாங்க. பேரைச் சொன்னா அப்பா ஆயுசு குறையும்னு அவங்களுக்கு அடி வயித்துல பயம்.

அதனால அந்தக் கிளார்க்குக்கு அம்மா என்ன பதில் சொன்னாங்க தெரியுமா? கொடியில காயுற அப்பாவோட பனியனை மோவாயால காட்டி, "அவுங்க"ன்னாங்க.

"ம்?"னு கேட்டாரு அவரு.

"அவுங்கதான்"னு அழுத்திச் சொன்னாங்க அம்மா.

கிளார்க்கு முகத்துல அப்படி ஒரு திருப்தி. நோட்டை முழங்கால்ல வச்சு எழுதினாரு. நான் பக்கத்துலதான் நின்னேன், அவருக்குக் குடுக்கச் சொல்லி அம்மா தந்த பனைவெல்லத் தட்டோட. அதுல ரெண்டு துண்டை வாயில ஒதுக்கியிருந்ததால பேச முடியலை. எட்டிப் பார்த்தேன். பள்ளிக்கூடத்துல எனக்கு பர்மா எழுத்து நல்லா வரும். எழுத்துக் கூட்டிப் படிச்சேன்: ஊ அவுங் தான்.

உங்களுக்குச் சொல்ல வேணாம், 'ஊ'ன்னா பெரியவங்க பேருக்கு முன்னால போடுறது. அவுங் தான்ங்கிறது சுத்தமான பர்மாப் பேரு. இந்த நாட்டுல கண்ணை மூடிக்கிட்டுக் கல்லை விட்டெறிஞ்சா ஒரு அவுங் தான் மேல விழும். அந்த மனுசன் காதுல அப்படித்தான் விழுந்திருக்கு, அவரு மேல ஒரு குத்தமும் இல்லை. இப்பச் சொல்றப்பப் புரியுது. அப்ப எனக்கு என்ன தோணுச்சுன்னா, நாங்க பள்ளிக்கூட நோட்டுல மேல எங்க பேரை எழுதுவோம்ல, அந்த மாதிரி அவரு தன் பேரை எழுதிக்கிறாருன்னு. வெல்லத்தைக் கடிச்சுக்கிட்டு உள்ள போயிட்டேன்.

நடவு முடிஞ்ச பிறகு ஊர்த் தலைவர் எல்லாரையும் கூப்பிட்டுப் புதுப் பட்டியலை வாசிச்சாரு. தலைவரும் நம்மாளுதான். ஒவ்வொரு வயலா வாசிச்சுக்கிட்டே வந்தவரு எங்க கீழ வயல்ல நின்னுட்டாரு. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுத் திரும்ப மாட்டிக்கிட்டு, "ஊ அவுங் தான்னு போட்டிருக்கு"ன்னாரு. அப்புறம் மெதுவா, "உன் வரப்புக்கு அடுத்த வயக்காரன், ஓடைக்கு அந்தாண்ட எருமை வச்சிருக்கான்ல, அவன் பேரு அதானே?"ன்னாரு.

நாங்க அவரை எருமைக்காரர்னுதான் சொல்லுவோம். பேரு என்னன்னு அன்னைக்குத்தான் எனக்கே தெரியும். பர்மாக்காரரு, அப்பாவை விட மூத்தவரு, ஒல்லியா, எப்பவும் வாயில சுருட்டு. அவரு ஊரு ஓடைக்கு அந்தப் பக்கம், வயல் மட்டும் இந்தப் பக்கம், எங்க வயலை ஒட்டிக் கீழ. எங்க வாய்க்கால் தண்ணி எங்களுக்குப் பாஞ்சு அவருக்குப் போகும். அவரு சம்சாரமும் எங்க அம்மாவும் நல்ல சிநேகிதம். ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு பாஷை கிடையாது. ஆனா நீல விளிம்பு போட்ட ஒரு பீங்கான் கிண்ணம் ரெண்டு வீட்டுக்கும் நடுவுல போய்க்கிட்டே வந்துக்கிட்டே இருக்கும், ஒரு நாளும் வெறுங்கிண்ணமாப் போனதில்லை. இங்க இருந்து சாம்பாரு போனா அங்க இருந்து பொரிச்ச ஙாப்பி மீன் விழுது வரும்.

அப்பா அன்னைக்கு வீட்டுக்கு வந்து மம்பட்டியைச் சுவத்துல சாத்திட்டு அம்மாவைக் கூப்பிட்டாரு.

"இந்தா, ஆபீஸ்ல இருந்து வந்தவன் கேட்டப்ப நீ யாருன்னு சொன்ன?"

"உங்களைத்தான் சொன்னேன்."

"தெளிவாச் சொன்னியா?"

"ரெண்டு தடவை சொன்னேன். அவரும் எழுதிக்கிட்டாரு."

"அப்புறம் எப்படி அந்த எருமைக்காரன் பேரு வந்துச்சு?"

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

பாருங்க, ரெண்டு பேரும் பொய் சொல்லலை. அம்மா அப்பாவைத்தான் சொன்னாங்க. அப்பா கேட்டதும் சரியான கேள்விதான். நீ சொன்னது என்னன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும். கேக்கலை. "ஆபீஸ்ல எவனையோ கையில போட்டுக்கிட்டு மாத்தியிருக்கான்"னு அப்பாவே தீர்ப்பு எழுதிட்டாரு. நானும் வாயைத் திறக்கலை. கிளார்க்கு தன் பேரைத்தானே எழுதினாரு, அப்ப எருமைக்காரரும் கிளார்க்கும் ஒரே பேரான்னு எனக்குக் குழம்புச்சு. அப்பா மூஞ்சி இருந்த இருப்புல கேக்கவும் பயமா இருந்துச்சு. பேப்பர் விஷயம்னாலே நம்மாளுங்களுக்குப் பயம். வயல் போனா நாம எங்க போறதுன்னு அப்பா கூரையைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தது இன்னும் கண்ணுல நிக்குது.

அந்த மழைக்காலம் பூரா நரகம். தலைவர் மூலமா ஆபீஸுக்கு மனு போச்சு, விசாரணைக்குக் கூப்பிடுறோம்னு பதில் வந்துச்சு, எப்பன்னு வரலை. இதுக்கு நடுவுல எருமைக்காரர் தினம் விடிஞ்சதும் எங்க வரப்புல வந்து நிக்க ஆரம்பிச்சாரு. ஒண்ணும் பேச மாட்டாரு. சுருட்டைப் புகைச்சுக்கிட்டு எங்க பயிரை இந்த மூலையில இருந்து அந்த மூலை வரைக்கும் பார்ப்பாரு. குனிஞ்சு ஒரு தூரைத் தொட்டுப் பார்ப்பாரு. பெருமூச்சு விட்டுட்டுப் போவாரு.

"பார்த்தியா, இப்பவே வந்து தன் வயல் மாதிரிப் பாக்குறான்"னு அப்பா பல்லைக் கடிப்பாரு.

ஒரு நாள் எருமைக்காரர் சம்சாரம் அந்தக் கிண்ணத்துல சூடா மொஹிங்கா கொண்டாந்தாங்க. வாழைத்தண்டும் மீனும் போட்ட குழம்பு, மேல கொத்தமல்லி. வாசனை படியேறி வந்துச்சு. எனக்குப் பசி. அப்பா அதை வாங்கி, அந்தம்மா பார்த்துக்கிட்டிருக்கும்போதே, கிண்ணத்தோட முத்தத்துல வீசினாரு. வாத்து மூணும் ஓடி வந்து தின்னுச்சு. கிண்ணம் கல்லுல பட்டுப் பீங்கான் சில்லு பேர்ந்து போச்சு. அந்தம்மா குனிஞ்சு கிண்ணத்தை எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. அம்மா அடுப்பங்கரையில இருந்து வெளியவே வரலை. அப்பா நல்ல மனுசன். அவரைப் பத்தி ஒருத்தர் தப்பாப் பேசினா நான் சண்டைக்குப் போவேன். ஆனா அந்தக் கிண்ணத்துக்காக அவரு மேல எனக்கு இன்னமும் கோவம் உண்டு.

அதோட விடலை. மழை நடுவுல பத்து நாள் ஓய்ஞ்சப்ப எருமைக்காரர் வயலுக்குப் போற வாய்க்காலை அப்பா மண்ணைப் போட்டு அடைச்சாரு. அவரு காலையில வந்து கையாலயே மண்ணை எடுத்து விடுவாரு. அப்பா சாயந்தரம் திரும்ப அடைப்பாரு. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாக்காம இது ஒரு வாரம் நடந்துச்சு. அப்புறம் அவரு வர்றதை விட்டுட்டாரு. அவரு வயல் ஓரமெல்லாம் பழுத்துப் போச்சு. எங்க வயல் பச்சைப் பசேல்னு நின்னுச்சு, அதைப் பாக்க எனக்கே வெக்கமா இருந்துச்சு.

கதிர் பிடிக்கிற நேரத்துல ஆள் வந்து விசாரணைக்கு நாள் சொல்லிட்டுப் போனாங்க. அன்னைக்குன்னு பார்த்துத் தலைவருக்குக் குளிர் காய்ச்சல், எழுந்திருக்க முடியலை. பாஷை தெரிஞ்ச ஆளு வேற யாரு? நாலாம் வகுப்பு படிக்கிற நான்தான். தலையில எண்ணெயை வழிய விட்டுச் சீவி, கன்னத்துல தனக்காப் பட்டையை அரைச்சுப் பூசி, என்னை வண்டியில ஏத்திக்கிட்டு அப்பாவும் அம்மாவும் கிளம்பினாங்க.

மாவ்பி ஆபீஸ்ல மேசைக்குப் பின்னால ஒரு அதிகாரி. பக்கத்துல அதே கிளார்க்கு, அதே நோட்டு. சுவரோரமா எருமைக்காரர், வெளுத்த சட்டை போட்டுக்கிட்டு, சுருட்டு இல்லாம. அதிகாரி அவரைப் பார்த்து, "ஊ அவுங் தான்"னு கூப்பிட்டதும் அவரு எழுந்து கும்பிட்டாரு. கிளார்க்கு எழுந்திருக்கலை. அப்பத்தான் எனக்கு முதல் தடவையா உறைச்சுச்சு, நோட்டுல கிளார்க்கு எழுதினது தன் பேரை இல்லைன்னு.

அப்பா தனக்குத் தெரிஞ்ச பர்மா பாஷையில, வயல் என்னோடது, என் அப்பா காலத்துல இருந்து உழுறோம்னு சொன்னாரு. அதிகாரி கிளார்க்கைப் பார்த்தாரு. கிளார்க்கு கொஞ்சமும் தயங்காம அம்மாவைக் காட்டி, சயான்னு, அதான் ஐயான்னு, அவர்கிட்ட சொன்னாரு. "நான் அந்த வீட்டு வாசல்ல நின்னு கேட்டேன் சயா. இந்த அமாதான் பேரு சொன்னாங்க. ஒண்ணுக்கு ரெண்டு தடவை சொன்னாங்க."

அப்பா திரும்பி அம்மாவைப் பார்த்த பார்வை இருக்கே, அதை நான் எழுத மாட்டேன்.

அதிகாரி அம்மாகிட்டயே கேட்டாரு. "வயல் யாரோடது?"

அம்மா அப்பாவைப் பார்த்துக் கையைக் காட்டி, "அவுங்கதான்"னாங்க.

"கேட்டீங்களா, இப்பவும் அதேதான் சொல்றாங்க"ன்னாரு கிளார்க்கு.

எனக்குத் தலைக்குள்ள விளக்கு போட்ட மாதிரி ஆச்சு. "இல்லை சயா, அது பேரு இல்லை"ன்னு கத்திட்டேன். எங்க பாஷையில 'அவுங்க'ன்னா மரியாதையா ஒருத்தரைக் காட்டுற வார்த்தை, 'தான்'னா அவரேதான்னு அர்த்தம், அம்மா அப்பாவைக் காட்டினாங்க, பேரு சொல்லலை. மூச்சு விடாம ஒப்பிச்சேன். அதிகாரி கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்தாரு. "சொந்தப் புருசன் பேரை ஒரு பொம்பளை எதுக்குச் சொல்லாம இருக்கணும்?"னு கேட்டாரு. அவங்க வழக்கத்துல அப்படி ஒண்ணு இல்லையே, பாவம், அவருக்கு எப்படிப் புரியும். நான் சொன்னது ஒன்பது வயசுப் பிள்ளை ஜோடிச்ச கதை மாதிரி இருந்திருக்கும்.

அப்ப எருமைக்காரர் முன்னால வந்தாரு. நான் அப்பா கையைப் புடிச்சுக்கிட்டேன்.

"சயா, அந்த வயல் எனக்கு வேணாம். தயவு செஞ்சு என் பேரை எடுத்துடுங்க"ன்னாரு.

பட்டியல்ல பேரு வந்ததுல இருந்து, எங்க வயலுக்கும் சேர்த்து நெல்லு நீதான் அளக்கணும்னு சொல்லிட்டாங்களாம் அவர்கிட்ட. உழாத வயலுக்கு எங்க இருந்து அளப்பாரு? அளக்கலைன்னா அவரோட சொந்த வயலும் போயிடும். ஒரு தடவை ஆபீஸுக்கு வந்து கேட்டிருக்காரு, நோட்டுல இருக்குன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. "தினம் காலையில போய் இவங்க பயிரைப் பார்ப்பேன். இது நல்லா வெளைஞ்சாலாவது இந்த மனுசன் எனக்காக அளந்துடுவாரான்னு கேக்கலாம்னு போவேன். கேக்க வாய் வராது. இப்ப என் வயலும் காஞ்சு போச்சு. எருமையை வித்தாத்தான் உண்டு"ன்னு சொல்லிட்டு லுங்கி முனையால மூக்கைத் துடைச்சாரு.

ஆபீஸுன்னா நம்மாளுங்களுக்கு மட்டும்தான் பயம்னு நினைச்சிருந்தேன். அவருக்கும் இருந்திருக்கு. மூணு மாசமா ரெண்டு ஆம்பளைங்க ஒரே பயத்தை வச்சுக்கிட்டு ஒரே வரப்புல நின்னிருக்காங்க.

"அந்த மனுசன் என்ன சொல்றாரு?"ன்னு அம்மா என்னைக் கேட்டாங்க. சொன்னேன். எருமை விக்கிறது வரைக்கும் சொன்னேன். அப்பா தரையைப் பார்த்துக்கிட்டு நின்னாரு.

அதிகாரி நோட்டைத் தட்டினாரு. "சரி, இவருக்கு வேணாம். ஆனா எனக்கு ஒரு பேரு வேணும். பேரு குடுத்தது இந்த அமா. மாத்தணும்னா அவங்களே வாயால சொல்லணும். நோட்டு நாளைக்கு ரங்கூனுக்குப் போகுது. சொல்லலைன்னா ஆளில்லாத நிலம்னு எழுதிடுவேன், கமிட்டி வேற யாருக்காவது குடுக்கும்."

நான் அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா முகத்துல ரத்தமே இல்லை. என் காதுகிட்ட குனிஞ்சு, "மயில் மேல வருவாரே, அந்தச் சாமி பேருன்னு சொல்லு"ன்னாங்க.

நானும் மடச்சி மாதிரி அதை அப்படியே பர்மா பாஷையில சொன்னேன்.

"இவங்க வீட்டுல மயில் இருக்கா?"ன்னாரு அதிகாரி.

மயிலுக்கு பர்மாவுல 'டவுங்'. கிளார்க்கு அதுக்குள்ள பேனாவைத் திறந்து, "ஊ டவுங்?"னு கேட்டு எழுதவே போயிட்டாரு. நான் பாஞ்சு அவரு கையைப் புடிச்சேன். எருமைக்காரர் அந்த அழுகையிலயும் சிரிச்சுட்டாரு.

அப்பா மெதுவாத்தான் பேசினாரு. "போனாப் போகுது விடு. நீ சொல்ல வேணாம். மேட்டுத் துண்டு இருக்கு, பொழைச்சுக்கலாம்."

பொழைக்க முடியாதுன்னு எனக்கே தெரியும். மூணு மாசமா வீட்டுல அத்தனை ஆட்டம் ஆடின மனுசன், அம்மா பயத்தைப் பார்த்ததும் வயலை விட்டுட்டாரு. அம்மா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாங்க. அப்புறம் எருமைக்காரரைப் பார்த்தாங்க. முந்தானையைத் தலையில போட்டு, சுவத்துப் பக்கம் திரும்பி நின்னு, தாலியை ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு, அப்பா பேரைச் சொன்னாங்க.

தெளிவாச் சொன்னாங்க. பள்ளிக்கூடத்துல வருகைப் பதிவுக்குக் கூப்பிடுற மாதிரி முழுப் பேரும். அப்பாவுக்குக் காதெல்லாம் செவந்து போச்சு. அந்தப் பேரை நான் இங்க எழுதலை. நான் எந்தக் காலத்துல அப்பாவைப் பேரு சொல்லிக் கூப்பிட்டிருக்கேன்?

கிளார்க்கு எழுதினாரு. "இந்தத் தடவை பாப்பா பார்க்கட்டும்"னு அதிகாரி நோட்டை என் பக்கம் திருப்பினாரு. ஒவ்வொரு எழுத்தா விரலை வச்சுப் படிச்சேன். சரியா இருந்துச்சு. முத்திரை விழுந்துச்சு. எருமைக்காரர் அப்படியே தரையில உக்காந்துட்டாரு. எனக்கு ஒண்ணுக்கு வந்துருச்சு, அதை வெக்கப்படாம இப்பச் சொல்றேன். அப்பாடான்னு ஒரு வார்த்தை இருக்கே, அதோட முழு அர்த்தமும் எனக்கு அந்த ஆபீஸ் தரையில நின்னுக்கிட்டுத்தான் தெரிஞ்சுச்சு.

அன்னைக்குச் சாயந்தரமே அப்பா வாய்க்காலைத் திறந்து விட்டாரு. பிந்தித்தான் திறந்தாரு, இருந்தாலும் எருமைக்காரருக்குப் பாதி வயல் தேறிச்சு. குறைஞ்சதுக்கு எங்க நெல்லை ஏத்திக்கிட்டு எங்க வண்டி போச்சு. எருமை விக்கலை. அப்பா மன்னிப்புக் கேட்டாரான்னு எனக்குத் தெரியாது. ரெண்டு பேரும் வரப்புல ஒண்ணா உக்காந்து சுருட்டுப் பிடிச்சதைப் பார்த்தேன். கீழ வயலை அப்புறம் என் படிப்புக்காக நாங்களாத்தான் விட்டுட்டு இங்க வந்தோம், யாரும் புடுங்கலை.

அப்பா ஆயுசைக் கேக்குறீங்களா? அந்த வருஷம் அப்பா ஒரு இருமல் இருமினாலும் அம்மா எழுந்து உக்காந்துடுவாங்க. வயல்ல இறங்குறப்பப் பாம்பு இருக்கான்னு பார்க்க என்னைத் தடியோட முன்னால அனுப்புவாங்க, என் ஆயுசைப் பத்தி அவங்களுக்குக் கவலையே இல்லை. ஒண்ணும் ஆகலை. அப்பா கல்லு மாதிரி இருந்தாரு. அம்மா ஆசைப்பட்ட மாதிரியே பூவும் பொட்டுமா அவங்களை முதல்ல வழியனுப்பி வச்சுட்டு, அதுக்கப்புறமும் பல வருஷம் இருந்து, என் சமையலைக் குறை சொல்லிச் சொல்லித்தான் போனாரு.

ஆபீஸ்ல இருந்து திரும்பி வந்ததைச் சொல்லாம விட்டுட்டேன். எருமைக்காரர் அவ்வளவு தூரமும் நடந்தே வந்திருந்தாரு. அப்பா வண்டியை நிறுத்தி, "ஏறுங்க ஆகோ"ன்னாரு, அண்ணேன்னு. அவரு பின்னால காலைத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்தாரு. நானும் அம்மாவும் நடுவுல. மழை விட்டிருந்துச்சு. மூங்கில் பாலம் தாண்டினதும் அப்பா திரும்பாமலே தமிழ்ல சொன்னாரு.

"இந்தா. அங்க சொன்னியே, அதை இன்னொரு தடவை சொல்லு."

"பேசாம மாட்டைப் பார்த்து ஓட்டுங்க. ஒரு தடவை சொன்னதுக்கே எத்தனை வருஷம் போச்சோ"ன்னாங்க அம்மா.

அப்பா கொஞ்ச நேரம் ஓட்டினாரு. அப்புறம், "இன்னும் ரெண்டு வருஷம் போனாப் போகட்டும். சொல்லு"ன்னாரு.

அம்மா என்னை இழுத்து மடியில சாய்ச்சு என் ரெண்டு காதையும் இறுக்கிப் பொத்தினாங்க. சக்கரச் சத்தம்கூடக் கேக்கலை. கையை எடுத்தப்ப அப்பா சிரிச்சுக்கிட்டிருந்தாரு.